சி.ஆர். எண்ணை எவ்வளவு நம்பலாம்? மூன்று விதிநூல்களைப் பற்றிய மதிப்பீடு

கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களை மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவோரில், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் பொறுப்பை ஏற்பவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. அடுத்த அறையில் தான் நிறுத்தப்போகும் எதிரியைக் குழு எளிதாக வென்றுவிடுமா, தட்டுத் தடுமாறி வெல்லுமா, அல்லது எல்லாப் பாத்திரங்களும் மாண்டு கதையே அங்கு நின்றுபோகுமா என்பதை அவர் முன்கூட்டியே ஓரளவு அறிந்தாக வேண்டும். அதற்காகவே விதிநூல்கள் ஒவ்வொரு மான்ஸ்டரின் விவரக் கட்டத்திலும் ஓர் எண்ணை அச்சிடுகின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அதன் பெயர் சேலஞ்ச் ரேட்டிங், ஆடுவோர் சி.ஆர். என்றே சுருக்கிச் சொல்வார்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தில் அது வெறுமனே மான்ஸ்டரின் லெவல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 நூல்கள், அவற்றைத் திருத்தி 2024-லும் 2025-லும் வெளியிட்ட நூல்கள், 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆகிய மூன்றிலும் இந்த எண் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014-ன் சி.ஆர்., ஒரு மான்ஸ்டர் எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு அடி கொடுக்கும் என்ற இரண்டின் சராசரி. அந்த இரண்டையும் அது நேர்மையாகவே அளக்கிறது. ஆனால் ஒரு குழுவை உண்மையில் வீழ்த்தும் காரணங்கள் பல அந்த இரண்டுக்கும் வெளியே கிடக்கின்றன. அவற்றை எண்ணிலிருந்து படித்தறிய வழியே இல்லை. திருத்திய நூல்கள் கணக்கை எளிமையாக்கி, அந்த எளிமைக்காக ஒரு நல்ல கருவியைத் தூக்கி எறிந்திருக்கின்றன. மூன்றில் நம்பத்தக்க எண் பாத்ஃபைண்டரில்தான் இருக்கிறது. அந்த நம்பகத்தன்மைக்கு ஆட்டம் கொடுக்கும் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்படி ஓர் எண் எப்போதும் இருந்ததில்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், மான்ஸ்டருக்கு எத்தனை ஹிட் டைஸ் (அதன் உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும் பகடைகள்) என்பதும், நிலத்தடியில் எத்தனையாவது தளத்தில் அது திரியும் என்பதும்தான் ஆபத்தின் அடையாளங்கள். கீழே இறங்க இறங்க ஆபத்து கூடும். எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்வார்கள். எதிரி தங்களுக்கு ஏற்றவனாகத்தான் இருப்பான் என்று யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் சேலஞ்ச் ரேட்டிங்கைக் கொண்டுவந்தது. நான்கு பேர் கொண்ட குழு, தன் லெவலுக்கு இணையான மோதலில் தன் வளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடும் என்பது அதன் அடிப்படை. 2008-ன் நான்காம் பதிப்பு அதைக் கைவிட்டு, ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு லெவலோடு, முரட்டு அடியாள், தொலைவிலிருந்து தாக்குபவர், பதுங்கித் தாக்குபவர் என ஒரு பணிப்பெயரையும் சேர்த்தது. 2014-ல் பழைய சி.ஆர். திரும்பி வந்தபோது அந்தப் பணிப்பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது பின்னால் தெரியும்.

2014 நூல் தரும் வரையறை தெளிவானது: போதிய ஆயுதங்களும் நல்ல ஓய்வும் பெற்ற நான்கு பேர் கொண்ட குழு, தன் லெவலுக்குச் சமமான சி.ஆர். உடைய மான்ஸ்டரை உயிரிழப்பின்றி வெல்ல முடியும். அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு ஒளிக்காமல் சொல்கிறது. உயிர்ப்புள்ளியையும் கவச எண்ணையும் (அதன்மேல் அடி படத் தாக்குபவரின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) வைத்துத் தற்காப்புச் சி.ஆர். ஒன்றை அட்டவணையில் பார்க்க வேண்டும். முதல் மூன்று சுற்றுகளில் அது தரும் சராசரிச் சேதத்தையும், தாக்குதல் கூட்டலையோ (அடிக்க உருட்டும் பகடையோடு சேர்க்கும் எண்) சேவிங் த்ரோவின் (தாக்கப்படுபவர் விளைவைத் தவிர்க்க உருட்டும் இருபதுமுகப் பகடை) இலக்கு எண்ணையோ வைத்துத் தாக்குதல் சி.ஆர். ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் விடை. தீமூச்சு போல ஒரு பரப்பையே தாக்கும் ஆற்றல்கள் இரண்டு பேரைத் தாக்கும், அவ்விருவரும் சேவிங் த்ரோவில் தோற்பார்கள் என்று கொள்ள வேண்டும் என்பது வரை விவரம் இருக்கிறது. தொழிற்கூடத்தின் கதவைத் திறந்து காட்டும் இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அந்த நூலை நான் மதிக்கிறேன். குறை எங்கே நுழைகிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஷேடோ என்ற நிழலுருவத்தை எடுத்துக்கொள்வோம். 2014 மான்ஸ்டர் மேனுவலில் அதன் சி.ஆர். 1/2. உயிர்ப்புள்ளி 16, கவச எண் 12, தாக்குதல் கூட்டல் 4, ஓர் அடியின் சராசரிச் சேதம் 9. அட்டவணைப்படி 9 புள்ளிச் சேதம் சி.ஆர். 1-க்கு உரியது. பலவகைச் சேதங்களைப் பாதியாக்கிக்கொள்ளும் தன்மைக்காக உயிர்ப்புள்ளியை இரட்டித்தாலும் தற்காப்பு மிகக் கீழ்ப்படியில்தான் நிற்கிறது. சராசரி எடுத்தால் அச்சில் இருக்கும் அதே 1/2 வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த மான்ஸ்டரின் உண்மையான கொடுமை கணக்கில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஷேடோவின் ஒவ்வோர் அடியும் பாத்திரத்தின் வலிமையில் 1 முதல் 4 வரை குறைக்கும். வலிமை பூஜ்யத்தைத் தொட்டால் அந்தப் பாத்திரம் மயங்கி விழுவதில்லை, நேரே இறந்துவிடுகிறது. வழக்கமாக உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவருக்குப் பிழைக்க வாய்ப்பாகக் கிடைக்கும் டெத் சேவ் உருட்டல்கள் இங்கே இல்லை. இழந்த வலிமையும் ஓய்வெடுக்கும் வரை திரும்பாது. இந்த ஆற்றல் முழுவதும் கணக்கில் பூஜ்யமாகவே நிற்கிறது.

அதே சி.ஆர். 1/2 உடைய ஆர்க்கை அதன் அருகில் நிறுத்திப் பாருங்கள். உயிர்ப்புள்ளி 15, கவச எண் 13, கோடரியின் சராசரிச் சேதம் அதே 9. மூன்றாம் லெவலில் இருக்கும் நால்வருக்கு எதிராக நான்கு ஆர்க்குகளை நிறுத்தினாலும் நான்கு ஷேடோக்களை நிறுத்தினாலும் நூலின் கணக்கு ஒன்றுதான்: வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி ஒன்றுக்கு 100 வீதம் 400, எண்ணிக்கைக்கான பெருக்கல் (பின்னால் விளக்குகிறேன்) 2, ஆக 800. எளிது, நடுத்தரம், கடினம், உயிராபத்து என்ற நூலின் நான்கு படிகளில், அந்தக் குழுவுக்கு நடுத்தர மோதலின் வரம்பு 600, கடின மோதலின் வரம்பு 900. இரண்டுமே நடுத்தரம் என்று நூல் முத்திரை குத்துகிறது. ஆர்க்குகளின் அடி ஒருவரை வீழ்த்தினால் ஒரு சிறு குணமாக்கும் மந்திரம் அவரை எழுப்பிவிடும். ஷேடோக்களிடம் வலிமை 8 மட்டுமே உடைய மந்திரவாதி மாட்டிக்கொண்டால், பகடை கொஞ்சம் சதி செய்தாலும் இரண்டே அடியில் கதை முடிந்துவிடலாம். சராசரியாகப் பார்த்தாலும் மூன்று நான்கு அடிகளுக்கு மேல் ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், குழுவில் தெய்வ அருளால் மந்திரம் செய்யும் ஒரு கிளெரிக் இருந்தால் இதே மோதல் ஆர்க்குகளை விட எளிது. ஷேடோ போல இறந்தும் நடமாடுபவற்றை விரட்டும் ஆற்றல் அவரிடம் இரண்டாம் லெவலிலேயே வந்துவிடுகிறது. ஒளிச்சேதம் ஷேடோவை இரட்டிப்பாகத் தாக்குகிறது. ஐந்தாம் லெவல் கிளெரிக் விரட்டும்போது, சேவிங் த்ரோவில் தோற்கும் ஷேடோ ஓடுவதற்குள் அழிந்தே போகிறது. ஆக ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு மோதல்கள் ஒளிந்திருக்கின்றன. எது வெளிவரும் என்பதைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

இன்டலெக்ட் டிவவரர் என்ற நான்கு கால் மூளை இன்னும் மோசம். சி.ஆர். 2; உயிர்ப்புள்ளி 21 மட்டுமே. தன் முறை வரும்போதெல்லாம் ஒருவரின் அறிவைத் தின்ன முயலும். இலக்கு எண் 12-க்கு எதிராகப் பாத்திரம் அறிவுச் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். தோற்றால் டன்ஜன் மாஸ்டர் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை பாத்திரத்தின் அறிவு எண்ணை எட்டினால் அறிவு பூஜ்யமாகி, அது மீளும் வரை பாத்திரம் திகைத்து அசையாமல் நிற்கும். அறிவு 8 உடைய போர்வீரர் முதல் உருட்டலில் தோற்க 60 சதவீத வாய்ப்பு. அடுத்த உருட்டலில் சிக்க ஏறத்தாழ 84 சதவீதம். பெருக்கினால், ஒரே முயற்சியில் அவர் ஆட்டத்திலிருந்து வெளியேற ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரை மீட்கும் கிரேட்டர் ரெஸ்டரேஷன் மந்திரமோ கிளெரிக்குக்கு ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கும். இரண்டாம் லெவல் குழுவுக்கு இது நடுத்தர மோதல் என்று கணக்கு சொல்கிறது. வரம்பு 400, மான்ஸ்டரின் மதிப்பு 450. கணக்கில் பிழையே இல்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் செய்தி.

சராசரி என்ற கருவி எங்கே தோற்கிறது என்பதற்குப் பான்ஷியைச் சொல்லலாம். சி.ஆர். 4, உயிர்ப்புள்ளி 58, கவச எண் 12. நாளுக்கு ஒருமுறை அது ஓலமிடும். முப்பது அடிக்குள் அதைக் கேட்பவர்கள் இலக்கு எண் 13-க்கு உடலுறுதிச் சேவிங் த்ரோ உருட்டி, தோற்றால் அக்கணமே பூஜ்ய உயிர்ப்புள்ளியோடு சாய்வார்கள். கூட்டல் 2 உடைய நால்வர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. மூன்று பேரோ நான்கு பேருமோ ஒரே ஓலத்தில் விழ 16-ல் 5 பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒருவரும் விழாமலோ ஒருவர் மட்டுமோ விழ அதே 16-ல் 5 பங்கு. முதல் நிலையில் குழு அழிவின் விளிம்பில் நிற்கிறது. இரண்டாவதில் பலவீனமான ஓர் ஆவியை இரண்டு சுற்றில் அடித்துவிட்டுப் போகிறது. இந்த இரண்டின் சராசரியாக நிற்கும் நான்கு என்ற எண்ணைப் பார்த்து, நிதானமான ஒரு மோதலை எதிர்பார்க்கும் டன்ஜன் மாஸ்டர் பெரும்பாலும் அதைக் காணப்போவதில்லை. எண்ணோடு, இந்த மான்ஸ்டரின் முடிவுகள் எவ்வளவு அகலமாகச் சிதறும் என்ற ஒரு குறிப்பையும் அச்சிட்டிருந்தால் போதும். நான்காம் பதிப்பின் பணிப்பெயர்களை நான் இழப்பு என்று சொன்னது இதனால்தான். பதுங்கித் தாக்குபவர் என்ற ஒரு சொல் எண்ணால் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும்.

இனி எண்ணிக்கை. 2014 நூலின் மிகச் சிறந்த பகுதியும் பலர் சோம்பலால் தாண்டிப்போகும் பகுதியும் இதுவே. எதிரிகள் பலரானால் அவர்களின் அனுபவப் புள்ளிகளைக் கூட்டினால் மட்டும் போதாது. இரண்டு எதிரிகளுக்கு 1.5, மூன்று முதல் ஆறு வரை 2, ஏழு முதல் பத்து வரை 2.5, பதினொன்று முதல் பதினான்கு வரை 3, அதற்கு மேல் 4 என்று பெருக்க வேண்டும். இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஓர் ஓகரை வீழ்த்தக் குழுவுக்கு மூன்று சுற்று ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓகர் மூன்று முறை அடிக்கும். நான்கு ஓகர்கள் வந்து, குழு அவற்றை ஒவ்வொன்றாக வீழ்த்தினால், முதல் மூன்று சுற்றில் நான்கும் அடிக்கும், அடுத்த மூன்றில் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஆக மொத்தம் முப்பது அடிகள். நான்கு மடங்கு எதிரிகள் பத்து மடங்கு அடி கொடுக்கிறார்கள். இதே வழியில் கணக்கிட்டால் எதிரிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்து வருவதே உரிய பெருக்கல்: இரண்டுக்கு 1.5, மூன்றுக்கு 2. நூலின் அட்டவணையும் அச்சு அசலாக அதுவே. நான்கிலிருந்து நூல் பின்தங்குகிறது. ஆறு எதிரிகளுக்கு 3.5 வர வேண்டிய இடத்தில் 2-லேயே நிற்கிறது. தீப்பந்து போன்ற பரப்பு மந்திரங்கள் கும்பலை ஒரே வீச்சில் கரைத்துவிடும் என்பதால் இந்தத் தளர்வு நியாயமானதே. ஆனால் தீப்பந்து கிடைப்பது ஐந்தாம் லெவலில். முதல் நான்கு லெவல்களில் கும்பலாக வரும் சிறு எதிரிகள் நூல் சொல்வதை விடவும் ஆபத்தானவர்கள், அதற்குப் பின் நூல் சொல்வதை விடவும் எளியவர்கள் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

2014 எண்ணின் அடியில் இன்னொரு கற்பிதம் புதைந்திருக்கிறது; பெரும்பாலான மேசைகளில் எண் பொய்த்துப்போவதற்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஒரு சாகச நாளில் குழு நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டு மோதல்களைச் சந்திக்கும், இடையில் இருமுறை குறு ஓய்வு எடுக்கும் என்று நூல் எதிர்பார்க்கிறது. ஒரு மோதலை ஆடி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும் ஆட்டத்தில், கதைக்காகக் கூடும் குழுக்கள் ஒரு கற்பனை நாளில் ஒன்றோ இரண்டோ மோதல்களுக்கு மேல் நடத்துவதில்லை. ஐந்தாம் லெவல் மந்திரவாதியிடம் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு இரண்டே இடங்கள், அதாவது நாளுக்கு இருமுறைதான் வீசலாம். ஏழு மோதல்களில் அந்த இரண்டைப் பங்கிட வேண்டியிருந்தால் அவர் தயங்கித் தயங்கிச் செலவிடுவார். ஒரே மோதல்தான் என்று தெரிந்தால் முதல் இரண்டு சுற்றிலேயே இரண்டு தீப்பந்துகளும் பறந்துவிடும். பாலடின் என்ற புனித வீரர் மந்திர இடங்களைச் செலவிட்டுக் கூடுதல் சேதம் தரும் ஸ்மைட் அடிகளும் அப்படியே. அச்சிட்ட எண் களைத்த குழுவை மனத்தில் வைத்தது. மேசையில் இருப்பதோ நிறைந்த குழு. உயர் லெவல்களில் எல்லா மோதல்களும் சப்பென்று முடிகின்றன என்ற புகாரின் வேர் மான்ஸ்டர்களிடம் மட்டும் இல்லை, அட்டவணை கற்பனை செய்த நாளிலும் இருக்கிறது.

உச்சியில் இருக்கும் டராஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் சி.ஆர். 30, உயிர்ப்புள்ளி 676, கவச எண் 25. ஆட்டத்தின் மிகப் பெரிய எண். ஆனால் அதற்குப் பறக்கத் தெரியாது, தொலைவில் தாக்கவும் வழியில்லை. எட்டாத உயரத்தில் பறந்தபடி, சேவிங் த்ரோ கேட்கும் ஒரு சிறு மந்திரத்தைப் பொறுமையாக வீசிக்கொண்டே இருக்கும் ஒரு கீழ் லெவல் பாத்திரம் அதைக் கொன்றுவிட முடியும் என்பது ஆடுவோரிடையே பழைய நகைச்சுவை. திருத்திய மான்ஸ்டர் மேனுவல் அதற்குத் தொலைவை எட்டும் ஒரு பெருமுழக்கத்தைக் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது.

திருத்திய நூல்களுக்கு வருவோம். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு 2024-லும் மான்ஸ்டர் மேனுவல் 2025-லும் வெளிவந்தன. நான்கு கடினப்படிகள் மூன்றாகக் குறைந்தன: தாழ்வு, மிதம், உயர்வு. சாகச நாள் என்ற கற்பனை போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு செலவு வரம்பு, அதற்குள் மான்ஸ்டர்களை வாங்கிக்கொள்ள வேண்டியது மட்டுமே. மேல் லெவல்களில் வரம்பு நன்றாகவே உயர்ந்திருக்கிறது. இருபதாம் லெவல் நால்வருக்குப் பழைய நூலின் உயிராபத்து வரம்பு 50,800 புள்ளி. புதிய நூலின் உயர் வரம்பு 88,000. மான்ஸ்டர்களின் அடியும் கனத்திருக்கிறது. பல மான்ஸ்டர்கள் அடித்தாலே விளைவும் கூட வந்துவிடுகிறது, தனியாகச் சேவிங் த்ரோ இல்லை. உயர் லெவல் ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்ற குறைக்கு இது நேரான, வரவேற்க வேண்டிய பதில்.

கீழ் லெவல்களில் நடந்தது வேறு. முதல் ஐந்து லெவல்களுக்கு உச்ச வரம்பின் எண்கள் அப்படியே இருக்கின்றன. எண்ணிக்கைக்கான பெருக்கலை மட்டும் நீக்கிவிட்டார்கள். விளைவைக் காப்ளின்களை வைத்தே பார்க்கலாம். முதல் லெவல் நால்வருக்கு எதிராக நான்கு காப்ளின்கள்: மொத்தம் 200 புள்ளி. பழைய நூல் அதை இரண்டால் பெருக்கி 400 ஆக்கி, உயிராபத்து என்று எச்சரித்தது. புதிய நூலில் அதே 200 தாழ்வு மோதலின் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. எட்டுக் காப்ளின்களை நிறுத்தினால் பழைய கணக்கில் 1,000, அதாவது உயிராபத்து வரம்பைப் போல் இரண்டரை மடங்கு. புதிய கணக்கில் 400, உயர்வு என்ற படியில் இடம் பிடித்துவிடும். இத்தனைக்கும் புதிய நூலில் காப்ளினின் உயிர்ப்புள்ளி 7-லிருந்து 10 ஆகக் கூடியிருக்கிறது. ஒரு பாத்திரத்துக்கு இரண்டுக்கு மேல் மான்ஸ்டர்கள் வந்தால் எளிதில் வீழ்பவற்றைச் சேருங்கள், தொடக்க லெவல்களில் இதில் கவனம் தேவை என்று நூல் ஒரு குறிப்பும் தருகிறது. எட்டுக் காப்ளின்கள் அந்தக் குறிப்பின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. எட்டு உயிர்ப்புள்ளி உடைய மந்திரவாதிக்கு எட்டு வில்கள் குறிபார்க்கும் ஒரு சுற்று என்பது என்ன என்பதை அனுபவமுள்ளவர் உடனே உணர்வார். இந்த நூலை முதன்முதலில் வாங்குபவர் அனுபவமில்லாதவர். அவருடைய குழு முதல் லெவலில் இருக்கும். காவல் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் அது அகற்றப்பட்டிருக்கிறது. பெருக்கல் சிக்கலாக இருக்கிறது என்பது உண்மையான குறைதான், அதை எளிமையாக்கியிருக்கலாம். 2017-ல் வந்த சனாதார்ஸ் கைடு டு எவ்ரிதிங் நூல், பெருக்கலே இல்லாமல், ஒரு மான்ஸ்டருக்கு எத்தனை பாத்திரங்கள் ஈடு என்ற விகிதத்தை அட்டவணையாகத் தந்திருந்தது. அந்த வழி ஏன் தொடரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் மான்ஸ்டர்களின் லெவல் மைனஸ் 1-லிருந்து 25 வரை போகிறது. குழுவின் லெவலோடு ஒப்பிட்டுத்தான் மான்ஸ்டரின் விலை. குழுவுக்குச் சமமான லெவல் என்றால் 40 புள்ளி. இரண்டு லெவல் கூடினால் 80. நான்கு கூடினால் 160. இரண்டு லெவல் குறைந்தால் 20. ஒவ்வோர் இரண்டு லெவலுக்கும் விலை இரட்டிப்பாகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் அட்டவணையைத் திறக்கவே வேண்டியதில்லை. நால்வருக்கு மிதமான மோதல் 80, கடுமையானது 120, உச்சம் 160. அந்த உச்சத்தை, இரு தரப்பும் சமபலம், தோற்கவும் வாய்ப்பு உண்டு என்று நூல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

இந்த எண் சொன்னபடி நடப்பதற்குக் காரணம் எண்ணில் இல்லை, ஆட்டத்தின் உடற்கூற்றில் இருக்கிறது. பாத்திரம் பயிற்சி பெற்ற எல்லா உருட்டலிலும் அதன் லெவல் கூட்டப்படுகிறது, மான்ஸ்டரும் அப்படியே. இலக்கைப் பத்துப் புள்ளி தாண்டினால் கிரிட்டிகல், சேதம் இரட்டிப்பு. எனவே நான்கு லெவல் மேலே இருக்கும் மான்ஸ்டர், நான்கு புள்ளிக்குக் குறையாத சாதகத்தை எல்லா உருட்டலிலும் பெற்று, அடிக்கடி கிரிட்டிகல் அடிக்கும். குழுவின் மந்திரங்கள் அதன்மேல் பிசகிக்கொண்டே இருக்கும். லெவல் என்ற ஒற்றை எண் தாக்குதல், தற்காப்பு, சேவிங் த்ரோ மூன்றுக்குள்ளும் ஊடுருவி நிற்பதால் அதைப் படித்தாலே மோதலின் போக்கு தெரிகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் முன் குழு மருத்துவத் திறனால் தன்னை ஏறக்குறைய முழுமையாக ஆற்றிக்கொள்ளும் என்றும் ஆட்டம் எதிர்பார்க்கிறது. ஆகவே நாளுக்கு எத்தனை மோதல் என்ற கேள்வி இங்கே கணக்கை அவ்வளவாகக் குலைப்பதில்லை. மந்திரம் வீசுவோரின் நாள் இருப்பு மட்டும் இங்கும் கரைந்துகொண்டே வரும்.

விலை என்று சொன்னேன். லெவல் இடைவெளி இவ்வளவு அழுத்தமாக வேலை செய்வதால், ஐந்து லெவல் கீழே விழுந்த மான்ஸ்டர் மேசையில் நிறுத்தவே தகுதியற்றதாகிவிடுகிறது. ஐந்தாம் பதிப்பில் பத்தாம் லெவல் வீரரையும் நாற்பது காப்ளின்கள் சூழ்ந்துகொண்டால் அவர் வியர்க்க வேண்டும். பாத்ஃபைண்டரில் அவை சிரிப்பூட்டும் கும்பல். உலகம் ஒன்றாக இருக்கிறது என்ற உணர்வை விரும்பும் டன்ஜன் மாஸ்டருக்கு இது சிறிய இழப்பு இல்லை. தனித்து நிற்கும் உயர் லெவல் எதிரியும் ஆட்டக்காரர்களுக்குச் சலிப்புத் தரக்கூடும். நான்கு பேரும் தங்கள் முறைகளில் மூன்றில் இரண்டைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தால், கணிப்பு துல்லியமாக இருக்கிறது என்பதில் அவர்களுக்கு என்ன ஆறுதல் கிடைக்கப்போகிறது? கடுமை 120 என்பதை மூன்று லெவல் மேலான ஒரே எதிரியால் நிரப்புவதை விட, சம லெவல் எதிரிகள் மூவரால் நிரப்புவதே மேசைக்கு நல்லது என்பது என் விருப்பம். முதல் இரண்டு லெவல்களில் இதைக் கட்டாயமாகவே கொள்ளலாம்.

ஐந்தாம் பதிப்பை ஆடுவோர் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. மான்ஸ்டரின் ஒரு சுற்றுச் சேதம் குழுவிலேயே குறைந்த உயிர்ப்புள்ளி உடையவரை ஒரே மூச்சில் வீழ்த்துமா என்று பார்த்தால், சி.ஆர். 2 ஓகரின் 13 புள்ளி அடி முதல் லெவல் மந்திரவாதிக்கு என்ன செய்யும் என்பது உடனே தெரிந்துவிடும். சேவிங் த்ரோவில் தோற்றால் என்ன நடக்கும் என்ற வரியை, சேதத்தைப் படிப்பதற்கு முன்பே படிக்க வேண்டும். அந்த வரியில் உயிர்ப்புள்ளியைத் தாண்டிய எந்தச் சொல் வந்தாலும், அதை நீக்கும் மந்திரம் குழுவிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தனி எதிரி என்றால், தோற்ற சேவிங் த்ரோவை வென்றதாக மாற்றும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும், பிறர் முறைகளுக்கு இடையே செயல்படவிடும் லெஜண்டரி ஆக்‌ஷனும் அதற்கு உண்டா என்று பார்ப்பது சி.ஆர். எண்ணைப் பார்ப்பதை விட முக்கியம். சி.ஆர். 10 இளம் செந்நிற டிராகனுக்கு அவை இல்லை. 17 உடைய முதிர்ந்த செந்நிற டிராகனுக்கு உண்டு. முதலாவது, அதன் தீமூச்சு எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும், தோல்வியுற்ற ஒரே சேவிங் த்ரோவில் செயலிழந்து, நால்வர் சூழ்ந்து அடிக்கும் ஒரு பெரிய பல்லியாக முடிந்துவிடக்கூடும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் ஆட்டத்தைப் பொறுத்தது. மோதல்களே ஆட்டத்தின் மையம் என்று கருதுபவர், கணக்கு சொன்னபடி நடக்க வேண்டும் என்று விரும்புபவர் பாத்ஃபைண்டரின் நூல்களைத் தயங்காமல் எடுக்கலாம். ஐந்தாம் பதிப்பில் உயர் லெவல் ஆட்டம் நடத்துபவருக்கு 2025 மான்ஸ்டர் மேனுவல் பழையதை விடத் தெளிவாகவே மேலானது. முதல் லெவலிலிருந்து தொடங்குபவர் புதிய நூலையே வாங்கினாலும், ஐந்தாம் லெவல் வரையாவது பழைய பெருக்கல் அட்டவணையைத் தன் திரைக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. 2014-ன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு கையில் இருப்பவர் அதை விற்றுவிட வேண்டாம்: ஒரு மான்ஸ்டரை அடியிலிருந்து உருவாக்கி அதன் சி.ஆர். எண்ணைக் கணக்கிடும் அத்தியாயம் 2024 நூலில் இல்லை. ஏற்கெனவே உள்ள மான்ஸ்டர்களை மாற்றியமைக்கும் குறிப்புகள்தான் அதன் இடத்தில் இருக்கின்றன. தானே மான்ஸ்டர் படைப்பவருக்கு அந்தப் பழைய அட்டவணைக்கு மாற்று இந்தத் திருத்திய நூல்களில் இல்லை.